கடைசி இடத்தின் ரசிகை

1

சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. தடித்த காகிதம், மேலே பறவைச் சின்னம், உள்ளே சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை. “அன்புள்ள திரு. யோகா அவர்களே, இருபது வருடங்களாக எங்கள் குடும்பத்தில் ஒருவராக இருப்பதற்கு நன்றி” என்று தொடங்கியது. என் பெயர் யோகேஸ்வரி. நான் பெண். இருபது வருடமாக ஒரு குடும்பத்தில் இருக்கிறேன். நான் ஆணா பெண்ணா என்று அந்தக் குடும்பத்துக்கு இன்னும் தெரியவில்லை.

குடும்பம் என்று அவர்கள் சொல்வது சிட்னியின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு றக்பி லீக் கழகத்தை. பெலிகன்ஸ் என்று பெயர். தமிழில் கூழைக்கடா. தமிழில் இப்படிப் பெயர் வைத்திருந்தால் ஒருவரும் ரிக்கற் வாங்கிப் போயிருக்க மாட்டார்கள். எனக்கும் இந்த நிலைமை வந்திருக்காது.

‘திரு’வை ‘திருமதி’ ஆக்குவதற்கு மூன்று முறை முயன்றேன். முதல் முறை ரெலிபோனில் அரை மணித்தியாலம் கழகப் பாட்டைக் கேட்க வைத்தார்கள். பிறகு ஒரு பிள்ளை வந்து, இணையத்தில் அடையாள அட்டையை ஏற்றச் சொன்னாள். இரண்டாம் முறை ஏற்றினேன். அட்டையில் இருக்கும் நீளமான பெயரும் அவர்களிடம் இருக்கும் சின்னப் பெயரும் வேறு ஆட்களுடையவை என்று பதில் வந்தது. மூன்றாம் முறை கெஞ்சினேன். ஒரு வருடம் ‘டொக்டர் யோகா’ என்று அனுப்பினார்கள். நான் முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை செய்கிறவள். வைத்தியராக இருந்த அந்த வருடம் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வருடம் திரும்பவும் திரு.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இந்த விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். முட்டை வடிவப் பந்து. பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்து வைத்திருப்பவனை மற்றப் பக்கத்தார் கட்டிப் பிடித்து விழுத்துவார்கள். அவன் எழும்பித் தொடரலாம். ஆறு தடவை விழுத்தினால் பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட வேண்டும். எங்கள் ஆட்கள் ஆறு தடவை வரைக்கும் யாரையும் காக்க வைப்பதில்லை. இரண்டாம் தடவையிலேயே பந்தைக் கைநழுவவிட்டு, எதிராளிக்கு வேலை மிச்சம் பண்ணிக் கொடுப்பார்கள்.

கடிதம் வந்த வாரம் நாற்பத்தெட்டுக்கு ஆறு என்று தோற்றோம். அந்த ஆறும் எதிரணிக்காரன் சறுக்கி விழுந்ததால் வந்தது.

2

உனக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் இருக்கும் என் தங்கச்சி கேட்பாள். மகள் அபிராமியால் வந்தது. அவள் மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது பெலிகன்ஸ் வீரர்கள் இரண்டு பேர் பள்ளிக்கூடத்துக்கு வந்து, பிள்ளைகளுக்கு இலவச ரிக்கற் கொடுத்துவிட்டுப் போனார்கள். என் கணவர் கிரிக்கெற் தவிர வேறொன்றையும் விளையாட்டென்று ஏற்றுக்கொள்ளாதவர். “பதின்மூண்டு பேர் கட்டிப்பிடிச்சு விழுறதைப் பாக்கிறதுக்கு ரயில் ஏறிப் போறதோ?” என்றார். நானே கூட்டிக்கொண்டு போனேன்.

எங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் ரோனி இருந்தார். மோல்ட்டாவில் பிறந்து, பாண் லொறி ஓட்டியவர். இருபது வருடமாக இன்றைக்கும் அதே கதிரைதான். வேலையிடத்து ஆங்கிலம் எனக்கு ஓரளவு வரும். கோபப்படும் ஆங்கிலத்தை ரோனியிடம்தான் பிடித்துக்கொண்டேன். ஒரு திங்கட்கிழமை, குசினிக்குப் பொறுப்பான பெண் “ஆட்டம் எப்படி?” என்று விசாரித்தாள். அன்றைய பயிற்சியாளரைப் பற்றி ரோனி சொல்லும் சொல்லை நான் மரியாதையாகத் திருப்பிச் சொன்னேன். சோம்பேறி என்று அர்த்தம் என்பது என் நினைப்பு. அவள் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கதவைச் சாத்தினாள். அந்தச் சொல்லை இங்கே எழுத முடியாது.

அபி வளர்ந்தாள். பதினான்கு வயதில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இனிப் போகமாட்டேன் என்றாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும், அதுவும் ஒரு சொல்லில். ஃபைன். ஓகே. வட்எவர். ஆனால் பெலிகன்ஸ் தோற்ற அன்று மட்டும் வாய் திறப்பாள். எவன் பந்தை விட்டான், எவனை எடுத்திருக்க வேண்டும் என்று கிரவீனில் இருக்கும் எங்கள் வீட்டுக் குசினியில் நின்று ஒரு மணித்தியாலம் கத்துவாள். பாதி எனக்கு விளங்காது. இருந்தாலும் நான் பாத்திரத்தை மெதுவாகக் கழுவுவேன்.

பிறகு அவளுடைய சிநேகிதிகள், பல்கலைக்கழகம், பரமற்றாவில் தனியாக ஒரு ஃபிளாட். மைதானத்துக்கு என்னோடு வருவது நின்றது. மூன்று வருடத்துக்கு முன் பெலிகன்ஸ் அலுவலகத்திலேயே அவளுக்கு வேலை கிடைத்தது. ரிக்கற் பிரிவு என்றாள். நான் கோயிலிலும் கடையிலும் எல்லோருக்கும் சொன்னேன். போன வருடம் ஏதோ வேறு பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்றாள். என்ன பிரிவு என்று கேட்டேன். “இட்ஸ் ஜஸ்ட் ஒஃபிஸ் வேர்க் அம்மா.” அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

3

இப்போதைய பயிற்சியாளர் வந்து நான்கு வருடம். வந்த அன்றே ஐந்து வருடத் திட்டம் என்றார். முதல் வருடம் கடைசியில் இருந்து நான்காவது இடம். இரண்டாம் வருடம் மூன்றாவது, அடுத்த வருடம் இரண்டாவது. திட்டம் பிசகாமல்தான் நடக்கிறது. நாங்கள்தான் அதை மேலிருந்து கீழாக வாசிக்கத் தெரியாமல் இருந்தோம்.

தோற்றதும் அவர் தொலைக்காட்சியில் தோன்றி, “நாங்கள் கற்றுக்கொள்கிறோம்” என்பார். நிர்வாகம் அதற்கு மேல். பன்னிரண்டு வயதில் இருந்து எங்கள் கழகத்திலேயே வளர்ந்த பெடியன் ஒருவனை வேறு கழகத்துக்கு விட்டுவிட்டு, அவனுடைய இடத்துக்கு முழங்கால் தேய்ந்த முப்பத்துநான்கு வயதுக்காரரைக் கொண்டுவந்தார்கள். அனுபவம் வேண்டுமாம். அவர் அந்த அனுபவத்தை மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்தபடி கட்டுப்போட்ட காலோடு பகிர்ந்துகொண்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஞாயிறு காலை எட்டு மணிக்கு வரும் மெயில். தலைமை நிர்வாகியின் கையெழுத்தோடு, “பெலிகன்ஸ் குடும்பத்துக்கு” என்று தொடங்கும். தோல்வி என்ற சொல் அதில் வராது. சவால் வரும், பயணம் வரும், இதயத்துடிப்பு வரும். ஞாயிறு மத்தியானம் அபி சாப்பிட வருவாள். அவள் இடியப்பத்தைப் பிய்க்கும்போது நான் அந்த மெயிலைப் பெரிதாக வாசித்து, வசனத்துக்கு வசனம் தமிழில் பெயர்த்து, நையாண்டி செய்வேன். கணவர் விழுந்து விழுந்து சிரிப்பார். ஒரு முறை “சிகரத்தின் உயரம் பள்ளத்தில் நிற்பவருக்கே தெரியும்” என்று ஒரு வசனம் வந்திருந்தது.

“இதை எழுதினவன் அந்தப் பள்ளத்துக்குள்ள விழுந்து தலை அடிபட்டவனா இருக்கவேணும்” என்றேன்.

அபி நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் சொதி கேட்டாள்.

4

ஊரில் இப்படி இல்லை, அங்கே எல்லாம் நேர்மை என்று நான் சொல்லப்போவதாக நினைக்காதீர்கள். எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத் தலைவர் இந்தத் தலைமை நிர்வாகியின் ஒன்றுவிட்ட சகோதரர் போல இருப்பார். என் அண்ணா நல்ல கோல்காப்பாளர். அவரை நிறுத்திவிட்டுத் தலைவர் தன் தங்கச்சியின் மகனை நிறுத்தினார். அவன் பந்து வரும் திசையைப் பார்த்து, மரியாதையாக ஒதுங்கி வழிவிடுவான்.

வாசிகசாலை மண்டபத்தில் பொதுக்கூட்டம் வைத்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு உள்ளே கதிரை இல்லை. பதினாறு வயதில் நான் யன்னலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டேன். அண்ணாவுக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. அண்ணாவும் திறக்கவில்லை. என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நான் சைக்கிள் மணியைக்கூட அடிக்கவில்லை. அதற்குப் பிறகு ஐம்பத்தெட்டு வயதுவரை நான் ஒரு கூட்டத்திலும் எழுந்து பேசியதில்லை.

5

ஆனி மாதத்தில், உறுப்பினர் சந்திப்பு என்று மெயில் வந்தது. “உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம்.” குரல் இருநூறு எழுத்துக்குள் இருக்க வேண்டும், முன்கூட்டியே படிவத்தில் அனுப்ப வேண்டும். அனுப்பினேன். உறுப்பினர் விபரம் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. திருமதி என்று போட்டிருந்தேன். ஆணாக மாறித் திரும்ப அனுப்பினேன். உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

புதன்கிழமை ஆறு மணிக்கு நானும் ரோனியும் போனோம். வாசலில் பெரிய எழுத்தில் பெயர் எழுதிச் சட்டையில் ஒட்டிவிட்டார்கள். கழகக் கட்டடத்தின் மேல்மாடி, முந்நூறு கதிரை இருக்கும். மேடையில் பயிற்சியாளரும் தலைமை நிர்வாகியும். பின்னால் திரையில் மேல்நோக்கிப் போகும் ஒரு அம்புக்குறி. மண்டப நடுவில் கழகச் சட்டை போட்டு, கையில் மைக்கோடு நின்றவளைப் பார்த்தால், அபி. என்னைக் கண்டதும் மெதுவாகத் தலையாட்டினாள். வணக்கமா எச்சரிக்கையா என்று எனக்குத் தெரியவில்லை.

தெரிவு செய்த கேள்விகளை வாசித்தார்கள். என்னுடையது அதில் இல்லை. அடுத்த வருடச் சட்டை என்ன நிறம்? கார் நிறுத்த இடம் கூடுமா? கழகத்தின் பறவைப் பொம்மை வேடம் போடுபவர் பிறந்தநாள் விழாக்களுக்கு வருவாரா? இருபத்தைந்து நிமிடம் போனது. நாங்கள் கடைசிக்கு முதல் இடத்தில் இருப்பதை ஒருவரும் கேட்கவில்லை. ரோனி பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

நான் எழுந்தேன். அபி தயங்கினாள். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் வந்து மைக்கைத் தந்தாள்.

“கோச்,” என்றேன். “எவ்ரி வீக் யூ சே, வீ லேர்ன். ஃபோர் இயர்ஸ். வாட் யூ லேர்ன்? ரெல் மீ வன் திங்.”

அவர் சிரித்தார். இது ஒரு நீண்ட செயல்முறை, பல அடுக்குகள் கொண்டது என்றார்.

“வன் திங்” என்றேன் திரும்பவும். “என் பிள்ளை நாலு வருடம் ஒரே வகுப்பில் இருந்தால் நான் அதைப் பயணம் என்று சொல்லமாட்டேன்.” இதை இலக்கணம் இல்லாத ஆங்கிலத்தில்தான் சொன்னேன். முந்நூறு பேருக்கும் விளங்கியது. சிரிப்பும் கைதட்டலும் மண்டபத்தை நிறைத்தன. ரோனி கதிரையில் ஏறி நின்றார்.

தலைமை நிர்வாகி மைக்கை எடுத்தார். குழந்தைப் பிள்ளைக்குச் சொல்வது போல, ஒவ்வொரு சொல்லாக இடைவெளி விட்டுப் பேசினார். “நன்றி, யோகா. உங்கள் ஆர்வம் அருமை. இதில் சில விஷயங்கள், மொழி காரணமாக, உங்களுக்குப் பின்தொடரக் கஷ்டமாக இருக்கலாம். கூட்டம் முடிந்ததும் யாராவது உங்களுக்கு மெதுவாக விளங்கப்படுத்துவார்கள்.”

மொழி விளங்கியபடியால்தான் எழுந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அபியைப் பார்த்து இரண்டு விரலை அசைத்தார். அவள் வந்து என் கையில் இருந்த மைக்கைப் பிடித்தாள். நான் விடவில்லை. அவள் இழுத்தாள்.

“தாங்க் யூ, யோகா,” என்றாள் மைக்கில். “நெக்ஸ்ற் குவெஸ்ஷன்?”

என் பிள்ளை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

6

கார் நிறுத்துமிடத்துக்கு அபி என் பின்னாலேயே ஓடி வந்தாள். ரோனி தள்ளிப் போய் நின்றார்.

“யோகாவோ?” என்றேன். “நான் உனக்கு யோகாவோ?”

“ஐ வோஸ் வேர்க்கிங், அம்மா!”

“அந்த ஆள் எனக்கு மொழி தெரியாதெண்டு சொல்லுறான். நீ மைக்கைப் பறிக்கிறாய். அவனுக்கு வேலை செய்யிறதும் காணாதெண்டு, அந்தக் குப்பை மெயில் எழுதுறவனுக்குப் பக்கத்தில நிண்டு நீயும்...”

“அது நான்” என்றாள். தமிழில் சொன்னாள். “அந்த மெயில் எழுதுறது நான், அம்மா. ஒரு வருஷமா. எல்லாம் நான் எழுதினது.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொரு ஞாயிறாக விளங்கியது. நான் வாசித்தது, கணவர் சிரித்தது, அவள் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இடியப்பத்தைப் பிய்த்தது. சொதி கேட்டது.

“ஏன் பிள்ளை சொல்லேல்லை?”

“நீங்கள் கோயில்ல எல்லாருக்கும் சொல்லுவீங்கள். பிறகு வீட்ட வந்து அதை வாசிச்சுச் சிரிப்பீங்கள்.” மிச்சத்தை ஆங்கிலத்தில் கொட்டினாள். தோற்றோம் என்று ஒரு முறை எழுதினாளாம். சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார்களாம். பிறகு கேட்டதை எழுதக் கற்றுக்கொண்டாளாம். நான்கு வருடத்தில் அந்தக் கழகத்தில் எதையாவது கற்றுக்கொண்ட ஒரே ஆள் அவள்தான் போல.

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம். எனக்குத் தெரியும். ஆனால் என் வாயில் இருந்து, “எழுத்துப்பிழை ஒண்டும் இருந்ததில்லை” என்றுதான் வந்தது.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள். அடுத்த நான்கு ஞாயிறும் சாப்பிட வரவில்லை. மெயில் வந்தது. நான் அதைத் தனியாகக் குசினியில் இருந்து, சத்தமில்லாமல், ஒவ்வொரு வசனமாக வாசித்தேன். பொய்தான். ஆனால் கெட்டிக்காரத்தனமான பொய். இவ்வளவு நல்ல கையை எதற்கு இப்படி வீணாக்குகிறார்கள் என்று கோபம் வந்தது.

7

ஐந்தாவது வாரம் சனிக்கிழமை காலை, மடிக்கணினியோடு வந்து குசினிக் கதிரையில் இருந்தாள். பெலிகன்ஸ் கடைசி இடத்துக்குப் போய்விட்டது. இனி மிச்சம் இருக்கும் ஆட்டங்களை வென்றாலும் மேலே வர வழியில்லை. கடைசி இடத்தில் முடிக்கும் கழகத்துக்கு இந்த நாட்டில் மரக்கரண்டி வாங்கியது என்று பெயர். அந்தக் கரண்டியை வாங்கித் தந்த பயிற்சியாளருக்கு நிர்வாகம் இன்னும் இரண்டு வருடம் கொடுக்கப்போகிறது. அறிவிப்பை அபி எழுத வேண்டும்.

“அம்மா, இதை வாசியுங்கோ.”

வாசித்தேன். தொடர்ச்சி, நம்பிக்கை, அடித்தளம். “நல்ல இங்கிலிஷ்” என்றேன். “ஆனா இதில என்ன சொல்லுது?”

“ஒண்டும் சொல்லேல்லை.”

“அப்ப சொல்லுறதை எழுது.”

இரண்டு மணித்தியாலம் இருந்தோம். நான் தமிழில் சொல்வேன், அவள் ஆங்கிலத்தில் அடிப்பாள், நான் கூடிப்போன சொற்களைக் களைவேன். கடைசியில் நான்கு வசனம் மிஞ்சியது. நாங்கள் கடைசி இடத்தில் முடிக்கிறோம். அதற்குக் காரணம் நாங்கள்தான். பயிற்சியாளரை இன்னும் இரண்டு வருடம் வைத்திருக்கப்போகிறோம், ஏனென்றால்... அந்த இடத்தில் இருவரும் நின்றுவிட்டோம். காரணம் அவளுக்கும் தெரியாது. இடைவெளி விட்டு, அடுத்த வசனத்தில் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டோம்.

கணவர் எட்டிப் பார்த்தார். “இதை அனுப்பினா உள்ள வேலையும் போகும்” என்றார்.

எனக்கும் அப்போதுதான் பயம் பிடித்தது. “வேண்டாம் பிள்ளை. பகிடிக்குத்தானே எழுதினது. பழையதையே அனுப்பு.”

அவள் என்னைப் பார்த்தாள். தலைமை நிர்வாகிக்கு அனுப்பினாள். “இடைவெளியில் காரணத்தை நிரப்பித் தந்தால் இன்றே வெளியிடலாம்” என்று மேலே ஒரு வரி சேர்த்திருந்தாள்.

இருபது நிமிடத்தில் பதில் வந்தது. அறிவிப்பை வேறொருவர் பார்த்துக்கொள்வார். திங்கட்கிழமை அவளைக் கழகத்தின் சட்டை விற்கும் கடைக்கு மாற்றினார்கள். செவ்வாய்க்கிழமை அவள் விலகல் கடிதம் கொடுத்தாள். கடிதத்தில் ஒரு வசனம்தான்.

“என்ர வாயால உன்ர வேலை போட்டுது” என்றேன் ரெலிபோனில்.

“போகேல்லை அம்மா. நான் விட்டனான்.”

இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் ஃபிளாட்டுக்கு வாடகை இருக்கிறதே என்று ஒரு கிழமை நித்திரை இல்லை. இதை எழுதும்போதும் அவள் வேலை தேடிக்கொண்டுதான் இருக்கிறாள். அறிவிப்பு மற்றவர் எழுத்தில் வந்தது. “மிகுந்த உற்சாகத்துடன்” என்று தொடங்கியது. அதில் இரண்டு எழுத்துப்பிழை.

கடைசி ஆட்டம் ஞாயிறு பின்னேரம். நான் புறப்படும்போது வாசலில் அபி நின்றாள். “நானும் வாறன்” என்றாள். பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும், நாங்கள் இருவரும் ஒன்றாக ரயில் ஏறி. ரோனி தன் கதிரையை விட்டு ஒன்று தள்ளி இருந்து அவளுக்கு இடம் கொடுத்தார். மைதானத்தில் பாதி வெறுமை. இடைவேளைக்கு முதலே முப்பது புள்ளி பின்னால் நின்றோம். பயிற்சியாளர் எங்கள் பக்கக் கோட்டருகே வந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஏதோ கற்றுக்கொண்டிருந்தார்.

அபி எழுந்தாள். வாயைச் சுற்றிக் கையை வைத்தாள். “வீட்ட போடா!” என்று கத்தினாள்.

என் பிள்ளை தானாகத் தமிழில் கத்தியதை நான் கேட்டுக் கனகாலம். சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் அந்த மனிசனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

“டா எல்லாம் சொல்லப்படாது” என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். “வயதுபோன ஆள். ‘போங்கோ’ எண்டு சொல்லு.”

“வீட்ட போங்கோ!”

நானும் எழுந்து கத்தினேன். இரண்டு பேரும் சேர்ந்து கத்தினோம். பயிற்சியாளர் திரும்பிப் பார்த்து, ரசிகர்கள் உற்சாகப்படுத்துவதாக நினைத்துக் கையை உயர்த்தினார்.

ரோனி கேட்டார், அதற்கு என்ன அர்த்தம் என்று.

“ஐயா, தயவுசெய்து வீட்டுக்குப் போங்கள் என்று அர்த்தம்” என்று அபி ஆங்கிலத்தில் விளக்கினாள். “மிகவும் மரியாதையான சொல்.”

ஐம்பத்திரண்டுக்கு எட்டு என்று தோற்றோம். மனிசன் வீட்டுக்குப் போகவில்லை; இன்னும் இரண்டு வருடம் இருக்கிறார். அடுத்த வருடத்துக்கு அபி எங்கள் வரிசையில் ஒரு கதிரை எடுத்திருக்கிறாள்.